பளுதூக்கி எண் நாற்பத்தேழு

எனக்கு முதுகுவலி வந்தது என் தவறுதான். முத்துக்கரைச் சரக்குப் பதிவு வாரியத்தில் இருபத்திரண்டு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவளுக்கு முதுகு வலிக்காமல் வேறு எது வலிக்கும்? இந்த வாரியம் என்னதான் செய்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தூத்துக்குடிக்கு வருகிற, போகிற கப்பல்களில் என்ன சரக்கு இருக்கிறது என்று கப்பல்காரன் ஒரு பட்டியல் எழுதிக் கொடுப்பான். அதை நாங்கள் இன்னொரு முறை எழுதிக்கொள்கிறோம். இதற்கு மூன்று மாடிக் கட்டடம், நூற்றுப்பத்துப் பேர், சிப்பிக்குள் முத்து இருப்பதுபோல் ஒரு முத்திரை. இந்தக் கடலில் முத்துக்குளித்து எத்தனையோ காலமாயிற்று. முத்திரையில் இருக்கிற முத்துக்கு மட்டும் வருஷா வருஷம் புதுச் சாயம் அடிக்கிறார்கள்.

என் பெயர் ஞானதீபம். சொந்த ஊர் நாசரேத், வீடு மில்லர்புரத்தில். என் நாற்காலி இருப்பது மூன்றாவது மாடியில். லிஃப்ட் உண்டா என்றால் உண்டு. அதாவது குழி உண்டு. குழிக்குள் பழைய கோப்புகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

போன வருஷம் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவில் இருக்கிற தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். அரை மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது. மாடி ஏறவே கூடாது. கொஞ்ச நேரம் நின்று, கொஞ்ச நேரம் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ஆபரேஷன், அதற்குப் பிறகும் இடது கால் பழையபடி நடக்கும் என்று தன்னால் எழுதித் தர முடியாது என்றார். நான் அதை ஒன்றுவிடாமல் எழுதி, ஸ்கேன் படத்தையும் இணைத்து, வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்டேன்.

அனுமதி வந்தது. வாரியத்தில் எதையும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள், நிபந்தனையோடு சரி என்பார்கள். வாரியத்தின் கணினி வாரியத்தின் மேசை மீதுதான் இருக்க வேண்டும். அந்த மேசை உயரத்தைக் கூட்டிக் குறைக்கக் கூடியதாகவும், நகர்த்தக் கூடியதாகவும், முறைப்படி தேர்வு செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும். அறுபது நாளைக்குள் அப்படி ஒரு மேசை என் வீட்டில் இயங்காவிட்டால், அறுபத்தோராவது நாள் காலை பத்து மணிக்கு நான் மூன்றாவது மாடியில் இருக்க வேண்டும். அதுவரை மருத்துவ விடுப்பு. சொந்தமாகவே வாங்கிக்கொள்கிறேனே என்று கேட்டுப் பார்த்தேன். என் மேசை மேல் அவர்கள் கணினி இருந்தால் அது யார் பொறுப்பில் இருக்கிறது என்ற கேள்வி எழுமாம். கேள்வி எழக் கூடாது என்பதுதான் வாரியத்தின் ஒரே கொள்கை.

மேசை பார்க்க சொரிமுத்து அண்ணாச்சியின் கடைக்குப் போனேன். ஆபீஸ் சாமான்கள் விற்கிறவர். மூன்று மேசைகளை வரிசையாகப் போட்டு, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நின்று, உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போ என்றார். முதல் மேசைக்குக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். நாலு சுற்று சுற்றியதும் இடுப்பில் மின்னல் வெட்டியது. இரண்டாவதை ஏற்றுவது சுலபம், இறக்குவதற்கு முழு உடம்பையும் போட்டு அமுக்க வேண்டும். மூன்றாவதில் மோட்டார் இருந்தது. ஒரு பொத்தான் ஏற, ஒரு பொத்தான் இறங்க. அடியில் நான்கு சக்கரம், நான்குக்கும் பூட்டு. என் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஹால். சாயந்திரமானால் என் வீட்டுக்காரர் நேசக்குமார் அங்கேதான் கணக்கு டியூஷன் எடுக்கிறார். அந்த நேரம் மேசையை உள்ளறைக்கு உருட்டிக்கொண்டு போக வேண்டும். நின்று பார்த்தேன், உட்கார்ந்து பார்த்தேன், உருட்டிப் பார்த்தேன். இருபது நிமிஷத்தில் தேர்வு முடிந்தது.

அதே மேசையைத் தேர்ந்தெடுக்க வாரியத்துக்கு நாற்பத்தோரு நாள் பிடித்தது.

ஐந்து பேர் கொண்ட மேசைத் தேர்வுக் குழு அமைத்தார்கள். குழு மூன்று காரில் கடைக்கு வந்தது. ஒவ்வொருவராக உட்கார்ந்து, தன் முழங்கைக்கு ஏற்ற மாதிரி மேசையை ஏற்றி, டேப் பிடித்து அளந்து எழுதினார்கள். பிறகு ஐந்து அளவையும் கூட்டி, ஐந்தால் வகுத்து, அதுவே சரியான உயரம் என்று தீர்மானித்தார்கள். அந்த உயரத்தில் ஐவரில் ஒருவருக்கும் வசதியாக இல்லை என்பதும் கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. என் உயரத்தை யாரும் கேட்கவில்லை. நான் குழுவில் உறுப்பினர் இல்லை.

அவர்கள் போன பிறகு அண்ணாச்சி எனக்குப் போன் பண்ணினார். "யம்மா, எம் மகளப் பொண்ணு பாக்க வந்தவங்க கூட இம்புட்டு கேள்வி கேக்கல. வந்தாங்க, கேசரி தின்னாங்க, சரின்னுட்டுப் போனாங்க" என்றார்.

இதுவரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் செய்த பெரிய தவறு, மேசை கேட்டுக் கொடுத்த விண்ணப்பத்தின் பதினாலாவது கேள்விக்கு உண்மையைச் சொன்னது. 'சாதனம் இயங்கும் முறை' என்று கேட்டிருந்தார்கள். 'சக்கரத்தில் நகரும். மோட்டாரில் மேலே ஏறும், கீழே இறங்கும். எண்பது கிலோ வரை தூக்கும்' என்று எழுதித் தொலைத்தேன். மரத்தில் செய்தது என்று எழுதியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

கோப்பு கிரேன் பிரிவுக்குப் போய்விட்டது.

வாரியத்தின் கிரேன் பிரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் பதினோரு பேர் இருக்கிறார்கள். கிரேன் கிடையாது. கடைசியாக இருந்த நாற்பத்தாறாம் எண் கிரேனை ஒன்பது வருஷத்துக்கு முன்பே பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. ஆனாலும் பிரிவு தினமும் காலையில் கூடுகிறது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறது, பாதுகாப்பு வாரம் கொண்டாடுகிறது, ஹெல்மெட்டுகளைத் துடைத்து வைக்கிறது. அப்படிக் காய்ந்து கிடந்த பிரிவின் முன்னால், மோட்டாரில் ஏறி இறங்கும், சக்கரத்தில் ஓடும், பளு தூக்கும் என்று நான் எழுதிய காகிதம் போய் விழுந்திருக்கிறது.

பிரிவின் தலைவர் மகாராஜா. பேரே அதுதான். என்னை போனில் கூப்பிட்டார்.

"நீங்க இத மேசைன்னு எழுதியிருக்கீங்க."

"மேசைதான் சார்."

"சக்கரம் இருக்கு. மோட்டார் இருக்கு. பளுவத் தூக்குது. அப்ப அது என்னது?"

"மேசை, சார்."

"அது கிரேன்மா" என்றார் பொறுமையாக. பிறகு தன்னைப் பற்றியும் சொன்னார். "என் சர்வீஸ்ல முப்பது வருசத்துல ஒரு விபத்து நடந்ததில்ல. எப்படின்னு கேளுங்க. எனக்குச் சந்தேகம் வந்தா தூக்க விட மாட்டேன். எனக்கு எப்பவும் சந்தேகம் வரும்."

நாற்பத்தைந்தாவது நாள் மேசை என் வீட்டுக்கு வந்தது. அதன் பின்னாலேயே மகாராஜாவும் எட்டுப் பேரும் வந்தார்கள், பளுச் சோதனை நடத்த. எந்தக் கிரேனையும் அது தூக்குவதாகச் சொல்கிற எடையை விடக் கால் பங்கு கூடுதலாக ஏற்றித்தான் சோதிக்க வேண்டுமாம். எண்பதுக்கு நூறு. ஐம்பது கிலோ உப்பு மூட்டை இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் ஹாலில் இறக்கினார்கள். சுற்றிலும் சிவப்பு வெள்ளை நாடா கட்டினார்கள். எனக்கும் நேசக்குமாருக்கும் ஹெல்மெட் கொடுத்தார்கள். அவர் டியூஷனை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டோடு அடுப்படிக்குப் போய் எல்லாருக்கும் டீ போட்டார்.

ஒருவர் விசில் ஊதினார். ஒருவர் பச்சைக் கொடி அசைத்தார். பொத்தானை அமுக்கியவர் ஜோன்ஸ், பழைய கிரேன் ஆபரேட்டர், திரேஸ்புரத்துக்காரர். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஒன்றைத் தூக்கப் போகிற கை. அமுக்குவதற்கு முன் அதைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டார். மேசை இரண்டு மூட்டை உப்பையும் சுமந்துகொண்டு சத்தமில்லாமல் ஏறியது. ஒரு மணி நேரம் அப்படியே நிறுத்தி வைத்தார்கள். ஒரு நூல்கூட இறங்கவில்லை. அந்தக் கும்பலில் ஒழுங்காக வேலை பார்த்தது அது ஒன்றுதான்.

சோதனையில் தேறியதும் மேசையின் மேற்பலகையில், நான் கணினி வைக்க வேண்டிய இடத்தில், மஞ்சள் பெயின்ட்டால் கொட்டை எழுத்தில் எழுதினார்கள்: 'பளுதூக்கி எண் 47. பாதுகாப்பான பளு 80 கிலோ. கீழே நிற்காதீர்.' மேசைக்குக் கீழே நிற்கக் கூடிய ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

கையோடு விதிமுறைப் புத்தகம் ஒன்றும் கொடுத்தார்கள். நகர்த்தும்போது முன்னால் ஒருவர் கொடியோடு நடக்க வேண்டும். பின்பக்கமாக நகர்த்தினால் ஒலி எழுப்ப வேண்டும். துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் மேசையை முழுக்கத் தாழ்த்தி, சக்கரத்தைப் பூட்டி, ஜன்னல் கம்பியோடு இரண்டு இடத்தில் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். அந்த வாரமே வங்கக் கடலில் எங்கேயோ ஒரு தாழ்வு மண்டலம் வந்து தொலைத்தது. மில்லர்புரத்தில் ஒரு இலை அசையவில்லை. மகாராஜா போன் பண்ணி, கயிறு போட்டாச்சா என்று கேட்டார். நேசக்குமார் மாடு கட்டுவதுபோல் கட்டி, போட்டோ எடுத்து அனுப்பினார். நான் அதைப் பார்த்துக்கொண்டே கட்டிலில் படுத்திருந்தேன். மேசை வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகியும் நான் அதைத் தொடவில்லை. தொடக் கூடாது. தொடுவதற்குத் தகுதிச் சான்று வேண்டும்.

கிரேன் இயக்குகிறவருக்கு உடல்தகுதி முக்கியம். கண், காது, முதுகெலும்பு. ஆம், முதுகெலும்பு. விதி இருபத்தொன்று.

ஐம்பத்தேழாவது நாள் என்னை மருத்துவக் குழு முன்னால் வரச் சொன்னார்கள். என் உடல்நிலையைக் கருதி குழு கீழ்த்தளத்துக் கேன்டீனில் கூடியது. இந்தக் கருணையைக் குறிப்பில் தனியாக எழுதிக்கொண்டார்கள். தலைமை, வாரியச் செயலாளர் அருமைநாயகம். எங்கள் சபைக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயிலை விட்டு வெளியே வரும்போது, 'முதுகு எப்படிம்மா இருக்கு, ஜெபத்துல வச்சிருக்கேன்' என்பார். பக்கத்தில் மகாராஜாவும், எதுவும் பேசாமல் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஒரு டாக்டரும்.

"குனிஞ்சு கால் விரலத் தொடுங்கம்மா" என்றார் செயலாளர்.

"தொட முடியாது சார். முடியாததுனாலதான் மேசையே கேட்டேன்."

"தொட முடியலன்னா மேசைய இயக்கத் தகுதி இல்லன்னு ஆயிரும்."

"தொட்டேன்னா?"

"தொட்டா முதுகு நல்லாருக்குன்னு அர்த்தம். மேசையே தேவையில்ல. நாலு நாள்ல மேல வந்துரலாம்."

மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறார்களோ என்ற கடைசி நம்பிக்கையும் அங்கேயே போயிற்று. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கையில் அகப்படுகிறதை எடுத்து எறியலாம் என்று பார்த்தால் பக்கத்தில் பஜ்ஜித் தட்டுத்தான் இருந்தது.

"அப்ப நான் குனிஞ்சாலும் மூணாவது மாடி, குனியலன்னாலும் மூணாவது மாடி. அப்படித்தானே சார்?"

செயலாளருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. நாற்காலியில் முன்னால் சாய்ந்து, கோயிலில் பேசுகிற குரலில் சொன்னார். "நீங்க தப்பா எடுத்துக்கிடக் கூடாது. வாரியம் உங்களுக்கு விரோதி இல்ல. வாரியம் யாருக்கும் விரோதியும் இல்ல, யாருக்கும் வேண்டப்பட்டதும் இல்ல. உங்க முதுகுக்கு என்ன ஆனாலும் எங்க மேல தப்பு வந்துரக் கூடாது. அத மட்டும்தான் நாங்க பாக்கணும். இதுக்குன்னு ஆண்டவர் எங்கள இங்கன வச்சிருக்காரு."

நான் குனியவில்லை. தகுதியில்லை என்று எழுதி, கீழே மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். டாக்டர் விரல் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் போட்டார்.

மறுநாளே மேசையை எடுத்துப் போக ஜோன்ஸும் இரண்டு பேரும் வந்தார்கள். இயக்கத் தகுந்த ஆள் இல்லாத பளுதூக்கியைத் தனியார் வீட்டில் விட்டுவைக்கக் கூடாதாம். ஜோன்ஸ் என் முகத்தைப் பார்க்காமல் சக்கரப் பூட்டுகளை எடுத்துவிட்டார்.

"எக்கா, ஒம்பது வருசமா சும்மா உக்காந்து சம்பளம் வாங்குதேன். அரை மணிக்கு ஒருக்க வந்து இந்தப் பட்டன அமுக்குன்னு சொல்லட்டும், சைக்கிள்ல வந்து அமுக்கிட்டுப் போவேன். கேட்டும் பாத்தேன். அப்படி ஒரு வேலை பட்டியல்ல இல்லங்காங்க" என்றார்.

அறுபத்தோராவது நாள் காலை. நேசக்குமார் வேண்டாம், வேலையை விட்டுத் தொலை என்றார். மகள் ரம்யா கோயம்புத்தூரில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். டியூஷனை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? கிளம்பினேன். எழுபத்திரண்டு படி. ஒவ்வொரு படியிலும் வலது காலை வைத்து, இடது காலைக் கையால் தூக்கி வைத்து ஏறினேன். நாற்பது நிமிஷம். என்னைத் தாண்டி மேலே போனவர்கள் எல்லாரும் பாவமாகப் பார்த்துவிட்டு வேகமாகப் போனார்கள். மூன்றாவது மாடிக்கு வந்தபோது இடது கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

செயலாளர் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே என் மேசை நின்றது.

மாலை போட்டிருந்தது. சந்தனம், குங்குமம் வைத்திருந்தது. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தன. மகாராஜாவின் ஏற்பாடாக இருக்க வேண்டும். மேலே செயலாளரின் டீ, இரண்டு கோப்பு, செல்போன். பக்கத்தில் ஹெல்மெட்டோடு ஜோன்ஸ். செயலாளர் ஒரு விரலைத் தூக்கினால் ஏற்றினார், விரலைத் தாழ்த்தினால் இறக்கினார்.

"வாங்கம்மா" என்றார் செயலாளர். "எனக்கும் கொஞ்ச நாளா கழுத்து லேசா பிடிக்கி. சும்மா கெடக்குதேன்னு பாத்தேன்."

உள்ளே போனேன். டீயை எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். கோப்புகளை எடுத்து அவர் நாற்காலியில் வைத்தேன். மேசை அப்போது முழுக்க இறங்கியிருந்தது. அதன் மேல் உட்கார்ந்து, மெல்லச் சாய்ந்து, கால்களை மடக்கிப் படுத்துவிட்டேன். முதுகு பலகையில் பட்டதும் வாய்விட்டு 'அப்பாடா' என்றேன்.

செயலாளர், என்னம்மா இது, என்னம்மா இது என்று மூன்று தடவை கேட்டார். ஜோன்ஸ் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். யாரும் விரலைத் தூக்கவில்லை. ஆனாலும் ஜோன்ஸ் பொத்தானை அமுக்கினார். நான் செயலாளரின் நெஞ்சு உயரத்துக்குப் போனதும் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே போய்விட்டார்.

தகவல் கேட்டு ஓடிவந்த மகாராஜா, யாரும் மேசையைத் தொடக் கூடாது என்று கைகளை விரித்துக்கொண்டு வாசலில் நின்றார். பளுதூக்கியின் மேல் ஆள் இருந்தால் அது விபத்து. விபத்து நடந்த இடத்தில் விசாரணை முடியும்வரை எதையும் அசைக்கக் கூடாது. முப்பது வருஷத்தில் அவருக்கு இதுதான் முதல் விபத்து. விசாரணைக் குழு அமைக்க ஆணை டைப் செய்தார்கள். நாடா கட்டினார்கள். நான் நாலு மணி நேரம் படுத்திருந்தேன். ஜன்னல் வழியாகத் துறைமுகத்து கிரேன்கள் தெரிந்தன. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை.

மூன்று மணிக்கு என் பணியிடை நீக்க ஆணை தயாரானது. செயலாளர் பக்கத்தில் நின்று படித்தார். ஒழுங்கீனம், வாரியச் சொத்தைத் தவறாகப் பயன்படுத்தியது, பளுவாகத் தன்னைத்தானே ஏற்றிக்கொண்டது. விசாரணை முடியும்வரை அரைச் சம்பளம். அலுவலக வளாகத்தில் கால் வைக்கக் கூடாது. தினமும் வீட்டிலேயே இருக்க வேண்டும். கடைசி வரியை அவர் படித்தபோது இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தார். ஜோன்ஸ் வந்து என்னை இறக்கிவிட்டார்.

பணியிடை நீக்கத்தின் பதினோராவது நாள் மத்தியானம் செயலாளர் போன் பண்ணினார். நான் கட்டிலில் படுத்திருந்தேன். காற்றாலை இறக்கைகள் முப்பத்தாறு வந்து துறைமுகத்தில் கிடக்கின்றனவாம். ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். வாரியப் படிவத்தில் நீளத்தை அடிக்கணக்கில்தான் எழுத வேண்டும், அதற்கு இரண்டு இலக்கம் போடத்தான் கட்டம் இருக்கிறது. அந்த இறக்கைகளை அந்தக் கட்டத்துக்குள் எப்படிப் பதிவு செய்வது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. கப்பல் ஐந்து நாளாகக் காத்துக்கிடக்கிறது, டெல்லியிலிருந்து போன் வருகிறது என்றார். குரலில் கோயில் சுத்தமாகப் போயிருந்தது.

"ஆபீசுக்கு வர வேண்டாம்மா. படி ஏற வேண்டாம். பட்டியலையும் கம்ப்யூட்டரையும் வண்டியில போட்டு அனுப்புதேன். நீங்க வீட்ல இருந்தே பாத்துக் குடுத்துருங்க."

"சரி சார்" என்றேன். "எதுல வச்சுப் பாக்க?"

அந்தப் பக்கம் அவர் மகாராஜாவைக் கூப்பிடச் சொல்வது கேட்டது. நான் போனை வைத்துவிட்டு ஒருக்களித்துப் படுத்தேன்.